ஐஸ் வாங்கப் போகிறவன்

ஈஸ்டர் கழிந்ததும் தொடங்கிவிடும்.
ஓஃபேலியாவின் ஃப்ரிட்ஜ் கதவில்
காந்தம் வைத்து ஒட்டிய காலண்டரில்
வெள்ளைக் கட்டம் ஒன்றுகூட மிச்சமில்லை.
ரொசாலியோ மகளுக்குப் புதுநன்மை.
பெலேனுக்குப் பதினைந்து வயது, பூசையும் நடனமும்.
எல்விரா இரண்டாம் தடவை மணம் முடிக்கிறாள்,
இந்த முறை கோயிலில்.
பள்ளி முடித்த மூன்று பேருக்குச் சேர்த்து ஒரே கேக்.
எல்லாக் கட்டத்தின் அடியிலும்
பச்சை மையில், பொடி எழுத்தில்:
நசாரியோ, ஐஸ்.

நசாரியோ நான்தான்.

கேக் ஒருத்திக்கு, மேசைத்துணி ஒருத்திக்கு,
குடித்துவிட்டு அழுவது திபுர்சியோ மாமாவுக்கு.
பெண்டாட்டி பிள்ளை இல்லாத,
பின்பக்கம் திறந்த வண்டி இருக்கிற
எனக்கு ஐஸ்.

ஊரில் ஐஸ் விற்ற கடை
செம்புச் சுரங்கத்தோடு சேர்ந்து மூடிக்கொண்டது.
போக நாற்பது மைல், வர நாற்பது.
மே மாதத்துச் சகுவாரோக் கள்ளிகள்
உச்சந்தலையில் மட்டும் பூ வைத்துக்கொண்டு
விருந்துக்குக் கிளம்பி
வண்டி கிடைக்காதவர்கள் மாதிரி
ரோட்டோரம் நிற்கும்.
சோதனைச் சாவடியில் அந்த மீசைக்காரன்
பின்னால் என்ன என்பான்.
ஐஸ்.
யாருக்கு?
மருமகளுக்குப் பதினைந்து.
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு
ஒரு கட்டி எடுத்துப் பிடரியில் தேய்த்தபடி
போ என்பான்.

குடும்பப் படங்களில் என்னைத் தேடாதீர்கள்.
கேக் வெட்டும் நேரத்தில் எப்போதும்
எங்கோ ஒரு மைல்கல்லைத் தாண்டிக்கொண்டிருப்பேன்.
எல்லோர் கையிலும் இருக்கிற தம்ளரில்
மிதக்கிறேனே, அதுதான் நான்.

மூன்றாம் சனிக்கிழமை
யெசேனியாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம்.
ஞானத்தகப்பன் கபோர்காவிலிருந்து வர வேண்டும்,
எல்லைக் கதவில் நாலு மணி நேர வரிசை.
திருத்தொண்டர் வென்செஸ்லாவோ
கடிகாரத்தைப் பார்க்கிறார், கதவைப் பார்க்கிறார்.
ஒன்றரைக்கு அடுத்த மந்திரிப்பு.
மண்டபச் சாவி கேட்க
தோளில் ஒரு பையோடு நுழைந்தவன் நான்.
மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்த்தது.

உறுதிபூசுதல் வாங்கியிருக்கிறாயா நசாரியோ?
எண்பத்தொன்பதில்.
வா.

கையைத் துடைக்கக்கூட விடவில்லை.
சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?
விட்டுவிடுகிறேன்.
அவன் ஆரவாரங்களை எல்லாம்?
விட்டுவிடுகிறேன்.
வெளியே, வெயிலில், வண்டியில்
பதின்மூன்று பைகள் உருகிக்கொண்டிருந்தன.
அவற்றையும் விட்டுவிட்டேன்.

அதுவரை தூங்கின அன்செல்மோ
என் விரல் பட்டதும்தான் விழித்தான்.
வானம் பார்க்க ஓர் அலறல்.
தொட்டித் தண்ணீரோ காலையிலிருந்து வெந்து
வெதுவெதுப்பாக இருந்தது.
அது தலையில் விழ விழ
அழுகை இறங்கி, விக்கலாகி,
பிறகு என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.
பிடி என்றால் பிடி.
நான் யாரையும் அப்படிப் பிடித்ததில்லை.

அன்று எல்லோரும் சுடுசோடா குடித்தார்கள்.
ஐஸுக்குப் போனவனைக்
கோயிலுக்குள் விட்டது யார் என்று
ஓஃபேலியா சமையலறையில் விசாரணை நடத்தினாள்.
ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தான் நிஜ ஞானத்தகப்பன்,
சட்டைப்பையில் பிள்ளைக்குத் தங்கச் சங்கிலி,
முகமெல்லாம் எல்லைத் தூசி.
அவன் கையில் ஒரு பீரைக் கொடுத்தேன்.
அதுவும் சூடு.
வேறென்ன சொல்ல?

எல்லோரும் போனபின்
வண்டியின் பின்கதவை இறக்கினேன்.
மண்டபத்துப் பாலோவெர்தே மரத்தடியில்
பதின்மூன்று பை தண்ணீர்
சத்தம் முடியும் முன்பே காணாமல் போனது.

படம் வந்திருக்கிறது.
அன்செல்மோவின் வாய் அகலத் திறந்திருக்க,
தோளில் ஈரத் திட்டோடு
ஒருவன் நிற்கிறான், கண்ணை மூடிக்கொண்டு.
ஓஃபேலியா அதையும் ஃப்ரிட்ஜில்தான் ஒட்டியிருக்கிறாள்,
காலண்டருக்குப் பக்கத்தில்.
அடுத்த கட்டத்தில், பச்சை மையில்:
நசாரியோ, ஐஸ்.
கீழே ஒரு கோடு போட்டு:
வெள்ளிக்கிழமையே.